தியாகி கொடுத்த பாவாடைத் துணி

என்னோடு ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்தவர்களே,

பள்ளிக்கூடத்துக்கு நூறு வயது ஆகிறது, மலர் போடுகிறோம், தியாகியைப் பற்றி ஆளுக்கு ஒரு பக்கம் எழுதுங்கள் என்று கேட்டீர்கள். நீங்கள் எழுதியதையெல்லாம் போனில் படித்தேன். கொடி ஏற்றினார், மிட்டாய் கொடுத்தார், ஜெயிலுக்குப் போனார் என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் உண்மை. ஒரு வரிகூடப் பொய் இல்லை. அதனால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எனக்கு அழகாக எழுத வராது. இருபது வயதுக்கு மேல் தனியாக உட்கார்ந்து எட்டாம் வகுப்புப் பரீட்சை எழுதி, முப்பது வருடம் அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குச் சத்துமாவு கிளறியவள் நான். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

தியாகி நல்லவர் என்பதை முதலில் நானும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூடாது என்று ஊர்க்காரர்கள் குறுக்கே நின்றபோது, "சேக்கலன்னா இந்த எடத்த நான் திருப்பி எடுத்துக்குவேன்" என்று சொன்னவர் அவர். பள்ளிக்கூடம் இருந்த இடம் அவர் கொடுத்தது. நீங்கள் உட்கார்ந்த பலகையிலேயே நாங்களும் உட்கார்ந்தோம் என்றால் அவரால்தான். வாத்தியாருக்கு வாடகை வாங்காமல் வீடு கொடுத்ததும் அவர்தான். கல்வராயன் மலை அடிவாரத்திலிருந்து ஆற்று மதகு வரைக்கும் கரும்பும் நெல்லும் அவருடையது. எங்கள் தெருவில் ஐந்து குடும்பம் அவரிடம் பண்ணையாள். அதில் ஒன்று எங்கள் குடும்பம்.

சுதந்திர தினத்துக்கு அவர் பேசுவார். உங்களுக்கு மறந்திருக்காது. கள்ளக்குறிச்சியில் சீமைத் துணி விற்ற கடை வாசலில் அவர் குறுக்கே படுத்த கதை. போலீஸ்காரன் லத்தியால் அடித்தான். அவர் கையைத் தூக்கவில்லை. வேட்டியை முழங்காலுக்கு மேல் ஏற்றி, கெண்டைக்காலில் இருந்த தழும்பைக் காட்டுவார். கடலூர் ஜெயிலில் ஆறு மாதம் இருந்ததைச் சொல்வார். அப்போதெல்லாம் அவர் குரல் சாதாரணமாகத்தான் இருக்கும். ஒரே ஒரு இடத்தில்தான் உடையும்.

"ஒருத்தன் துணி வாங்க வந்தான். மிதிச்சிருந்தான்னா வலிச்சிருக்கும், அவ்ளோதான். அவன் என்னத் தாண்டிப் போனான். கீழ ஒரு மனுஷன் கெடக்கறான்னே அவனுக்குத் தோணல. லத்தி அடி ஆறிப்போச்சு. அது ஆறல."

சொல்லிவிட்டு மேல்துண்டால் கண்ணைத் துடைப்பார். முன்வரிசையில் உட்கார்ந்து நானும் அழுதிருக்கிறேன். வெளியே வேலியோரம் நின்று என் அப்பாவும் கேட்பார். வருடா வருடம் கேட்பார். அவருக்கு அந்தப் பேச்சு மனப்பாடம்.

இப்போது துணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது உங்களில் ஊர்த் தெருக்காரர்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் உங்களுக்கு இருந்ததில்லை.

மாட்டுப் பொங்கல் அன்று காலையில் மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி முடித்ததும் ஐந்து குடும்பமும் தியாகியின் களத்தில் போய் நிற்க வேண்டும். ஆம்பிளைக்கு ஒரு வேட்டி, பொம்பிளைக்கு ஒரு சேலை, வீட்டுக்கு ஒரு மரக்கால் நெல். வாங்கிய வேட்டியை அங்கேயே, அவர் கண் முன்னால், தலையில் முண்டாசாகக் கட்டிக்கொள்ள வேண்டும். கட்டிவிட்டால் அடுத்த தை வரைக்கும் அவருடைய ஆள். எழுத்து இல்லை, கைநாட்டு இல்லை. எங்களுக்கு அவரிடம் கடன் கூட இல்லை. அந்த முண்டாசுதான் கட்டு.

அவர் கொடுத்தது எல்லாம் கதர். வேறு துணியைத் தொடமாட்டார். நூல் தடியாக, அங்கங்கே பருத்திக்கொட்டைத் தூள் கறுப்பாக ஒட்டியிருக்கும். புதுசில் கஞ்சி வாடை அடிக்கும், கழுத்தில் அறுக்கும். நனைந்தால் ஈரச்சாக்கு மாதிரி கனக்கும். கள்ளக்குறிச்சிச் சந்தையில் என் அம்மாவின் சேலையைப் பார்த்ததும், "இன்னா, தியாகி வூட்டு ஆளா?" என்பார்கள். நெற்றியில் எழுதி ஒட்டியது போல. நாட்டுக்கு விடுதலை வாங்கிக் கொடுத்த துணி என்று வாத்தியார் பாடம் நடத்துவார். எனக்குக் குழப்பமாக இருக்கும். எழுந்து கேட்கத் தைரியம் இல்லை.

அந்த வருடம் மாட்டுப் பொங்கலுக்கு நானும் களத்துக்குப் போனேன். எங்கள் முறை வந்தது. வேட்டி, சேலை. அதன்மேல் மூன்றாவதாக ஒரு சின்னத் துணி மடித்து வைத்திருந்தது. நீலக்கரை போட்ட பாவாடைத் துணி.

"இது குட்டிக்கு" என்றார் தியாகி. "வளந்துட்டா. நாளையிலேர்ந்து கொட்டாய்க்கு அனுப்பு. சாணி அள்ளட்டும், மாட்ட ஓட்டிக்கினு போவட்டும்."

எனக்குப் புதுத்துணி என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. கையை நீட்டினேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

அப்பா சொன்னார்: "ஐயா, பாப்பா படிச்சிக்கினு கீதுங்க."

"நான் சேத்து வுட்டதுதானடா? எனக்குத் தெரியாதா? கையெழுத்துப் போட வந்துடுச்சி இல்ல? போதும்."

"அஞ்சாவது பரீட்சை வருதுங்க. சித்திரையில எழுதிட்டு வரட்டுங்க."

"சித்திர வரைக்கும் மாடு சாணி போடாம இருக்குமா?"

களத்தில் எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் கொஞ்சம் சிரித்தார், மரியாதைக்கு. பிறகு வேட்டியைக் கையில் எடுத்தார். தலைக்குக் கொண்டு போகவில்லை. மடிப்புக் கலையாமல் மூன்று துணியையும் திண்டின் மேல் திருப்பி வைத்தார்.

"துணி வேணாங்க ஐயா."

பக்கத்தில் நின்ற என் சித்தப்பாவும் அவர் வேட்டியை வைத்தார். மற்ற மூன்று குடும்பமும் ஏற்கெனவே முண்டாசு கட்டியிருந்தார்கள். ஒவ்வொருவராக அவிழ்த்தார்கள். யாரும் பேசி வைத்துக்கொண்டு செய்யவில்லை. அவர்கள் வீட்டிலும் பெண் பிள்ளைகள் இருந்தார்கள், அவ்வளவுதான்.

தியாகிக்குக் கோபம் வரவில்லை. ஆச்சரியம்தான் வந்தது. "சரி, போய் யோசிச்சிட்டு வாங்க" என்றார்.

அன்று சாயங்காலம் எங்கள் வாசலில் கூடிப் பேசினார்கள். கரும்பு வெட்டுக் காலம். வண்டிகள் ஆலைக்குப் போகாவிட்டால் வெட்டிய கரும்பு காய்ந்துவிடும். வண்டியை மறிக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அடிப்பார்கள் என்றார் இன்னொருவர். அப்பா சொன்னார்:

"அடிக்க மாட்டாரு. அவரு படுத்த மாதிரியே நாமளும் வாசல்ல படுப்போம். கல்லு எடுக்கக் கூடாது, கெட்ட வார்த்த பேசக் கூடாது. எவன் கை வெச்சாலும் நம்ம கை தூக்கக் கூடாது. அவருக்குப் புரியும். அவருக்குத்தான்டா புரியும்."

எப்படிப் படுப்பது என்று வேறு அப்பா எல்லாரையும் வரிசையாகப் படுக்க வைத்துப் பார்த்தார். என் சித்தப்பா மல்லாந்து கிடந்தபடி, "ண்ணா, அடி வாங்கறதுக்கு இன்னாத்துக்கு ஒத்திகை? பொறந்ததுலேர்ந்து அதானே செஞ்சிக்கினு கீறோம்?" என்றார். அம்மா அடுப்படியிலிருந்து, "வாய மூடிக்கினு படு. வண்டி வர்றதுக்குள்ள தூங்கிடாத" என்றாள். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். திருவிழா மாதிரி இருந்தது.

என் அப்பா செய்த பெரிய தப்பு இதுதான். அந்தக் கதையைச் சொன்னவருக்கு அந்தக் கதை புரியும் என்று நம்பினார். எங்களைப் போன்றவர்கள்தான் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும். வேறு யார் அந்தப் பேச்சை அவ்வளவு அக்கறையாகக் கேட்டது?

மறுநாள் விடிந்ததும் தியாகியின் களத்து வாசலில் ஐந்து ஆம்பிளைகள் குறுக்கே படுத்தார்கள். வெளியூரிலிருந்து ஆள் இறக்கிக் கரும்பு ஏற்றிய நான்கு வண்டிகள் உள்ளே நின்றன. முதல் வண்டிக்காரன் சாட்டையை ஓங்கினான். மாடு நகரவில்லை. அந்த மாட்டுக்குத் தீனி வைத்தது என் அப்பா. குனிந்து அவர் மூஞ்சியை மோந்து பார்த்துவிட்டு அங்கேயே நின்றது.

தியாகி வந்தார். குளித்து, திருநீறு பூசி, சலவைக் கதர் கட்டியிருந்தார். நான் அம்மா பக்கத்தில் நின்றேன். மிட்டாய் கொடுப்பார் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். பாடத்தைச் சரியாக ஒப்பித்த பிள்ளைக்கு அவர் மிட்டாய் கொடுப்பார்தானே.

"யார்றா இதெல்லாம் உங்களுக்குக் கத்துக் குடுத்தது?"

படுத்தபடியே அப்பா சொன்னார்: "நீங்கதாங்க."

தியாகி கீழே பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வலக்கையால் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு கால், இன்னொரு கால், என் அப்பாவைத் தாண்டி வெளியே போனார். மழைத் தண்ணீரைத் தாண்டுகிற மாதிரி. அந்தத் தழும்பு என் அப்பாவின் மூஞ்சிக்கு மேலே போனது.

எனக்கு வயது எழுபதைத் தொடப் போகிறது. அங்கன்வாடியில் தூங்குகிற பிள்ளையைக்கூட நான் தாண்டிப் போனதில்லை.

வண்டிகள் அந்த வாசல் வழியாகப் போகவில்லை. கடப்பாரை கொண்டுவரச் சொல்லி, களத்தின் பின்பக்க மண்சுவரை இடிக்க வைத்தார். தன் சுவரைத் தானே இடித்தார். நான்கு வண்டியும் அந்த வழியாகப் போயின. எங்களவர்கள் ஐந்து பேரும் வெயில் ஏறும் வரைக்கும் வெறும் வாசலை மறித்துக்கொண்டு படுத்திருந்தார்கள். எப்போது எழுந்திருப்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

அடுத்து நடந்தது உங்களுக்கும் தெரியும். ஊர்க்கூட்டம் போட்டார்கள். உங்கள் அப்பாக்கள் எல்லாரும் போனார்கள். தியாகி அங்கே பேசியதைத் தலையாரி எங்கள் தெருமுனையில் நின்று அப்படியே சொல்லிவிட்டுப் போனான்.

"நான் யாரையும் அடிக்க மாட்டேன். போலீசக் கூப்புட மாட்டேன். எனக்கும் அகிம்சதான். அவங்க எங்களோட ஒத்துழைக்கல, நாங்களும் அவங்களோட ஒத்துழைக்க மாட்டோம். அவ்ளோதான்."

கடையில் எங்களுக்குச் சாமான் கிடையாது. யாரும் வேலை கொடுக்கக் கூடாது. வயல் வரப்பில் நாங்கள் நடக்கக் கூடாது. வரப்பில் நடக்காமல் எங்கள் தெருவிலிருந்து எங்கேயும் போக முடியாது. ஆத்திர அவசரத்துக்கு ஒதுங்கக்கூட முடியாது. மலைப்பக்கம் ஓடை வழியாக மட்டும் போகலாம். அம்மா அந்த வழியாக மலையேறி, மலைக்காரர்களிடம் தன் வெண்கலச் செம்பைக் கொடுத்து மரவள்ளிக்கிழங்கும் சாமையும் வாங்கி வந்தாள். ஒரு நாள் முழுக்க நடை.

கிழங்கு இருந்தது, உப்பு இல்லை. உப்பில்லாத மரவள்ளியைச் சாப்பிட்டிருக்கிறீர்களா? முதல் நாள் தெரியாது. மூன்றாம் நாள் வாயில் மண் மாதிரி உருளும். விழுங்கினால் பாதியில் நிற்கும். என் சித்தி கைக்குழந்தைக்காரி. சாமைக் கஞ்சியைக் குடித்துக் குடித்துக் குமட்டி, பால் வற்றிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

நான் மட்டும் பள்ளிக்கூடம் போனேன். ஓடையைச் சுற்றிக்கொண்டு போனேன். பலகையில் எனக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாக இருந்தது. உங்கள் வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வாத்தியார் எனக்குச் சிலேட்டைத் திருத்திக் கொடுக்கவில்லை. "கொஞ்ச நாள் வராம இரேன்மா" என்று மெதுவாகச் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. வாடகையில்லாத வீடு.

மளிகைக் கடைக்காரர் உப்பு மூட்டையைக் கடைக்கு வெளியே போட்டிருப்பார், நினைவிருக்கிறதா? ராத்திரியும் வெளியேதான் கிடக்கும். உப்பை யாரும் திருட மாட்டார்கள் என்று நம்பிக்கை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது காசை நீட்டி உப்புக் கேட்டேன். மூட்டை அவர் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது.

"உப்பு இல்ல" என்றார்.

"இதோ கீதே?"

"இது உப்பு இல்ல. போ."

அவர் திரும்பி எண்ணெய் அளக்கும்போது ஒரு கை அள்ளிப் பாவாடையில் முடிந்துகொண்டு ஓடினேன். கல்லுப்பு. ஓடை தாண்டுவதற்குள் இரண்டு கல் வாயில் போட்டுக்கொண்டேன். அந்த ருசிக்கு என் கண்ணில் தண்ணீர் வந்தது.

அம்மா உப்பைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை, சட்டிக்குக் கையை நீட்டினாள். அப்பா கேட்டார். சொன்னேன். கன்னத்தில் ஓர் அறை விட்டார். காது கொய்யென்றது.

"திருடியா நாம ஜெயிக்கணும்? கொண்டு போய்க் குடு."

அந்தப் போராட்டத்தில் இரண்டு பக்கத்திலும் யாரும் யாரையும் அடிக்கவில்லை என்று பெருமையாகச் சொல்லலாம். கை ஓங்கியது என் அப்பா ஒருவர்தான். அடி வாங்கியது நான் ஒருத்திதான். அம்மா அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். நான் அழுதுகொண்டே போய் உப்பை மூட்டையில் கொட்டிவிட்டு வந்தேன். கடைக்காரர் பார்த்தார். அப்போதும் ஒரு கல் எடுத்துக் கொடுக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் முதல் குடும்பம் போய்த் துணி வாங்கியது. அடுத்த நாள் இரண்டு. என் சித்தப்பா, குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்ததும் போனார். போகிறபோது எங்கள் வாசலில் நின்று, "ண்ணா, நான் எழுந்திருச்சிட்டேன்" என்றார். அப்பா தலையை மட்டும் ஆட்டினார். நாங்கள் ஒரு வீடு மிச்சம்.

பிறகு தியாகியே எங்கள் தெருவுக்கு வந்தார். அதற்கு முன்னால் அவர் அங்கே காலெடுத்து வைத்ததே இல்லை. அப்பா எழுந்து நின்றார். எங்கள் வீட்டில் அவர் உட்கார ஒன்றும் இல்லை, இருந்தாலும் உட்கார மாட்டார். கையில் அதே மூன்று துணி. ஆள் ஒருவன் பின்னால் நெல்லும், ஓலைப்பொட்டியில் உப்பும் புளியும் வைத்துக்கொண்டு நின்றான்.

தியாகி அப்பாவிடம் பேசவில்லை. என் முன்னால் குனிந்தார். அவர் குனிந்து நான் பார்த்தது அப்போதுதான்.

"உங்கப்பன் வீம்புக்கு நீ ஏன்டி பட்டினி கெடக்கணும்? இந்தா. நீ சொல்லு. வேணுமா வேணாமா?"

அம்மா இந்தத் தடவை என் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. நான் ஓலைப்பொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துணியைப் பார்க்கவே இல்லை. கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

"பாத்தியாடா? கொழந்தைக்குத் தெரியிது" என்றார் அவர்.

அப்பா என்னைத் திட்டவில்லை. அவரைப் பார்த்துக் கேட்டார்:

"வெள்ளக்காரன் உங்கள ஆறு மாசத்துல வுட்டுட்டான். நீங்க எங்கள எப்பங்க வுடுவீங்க?"

தியாகி அடிப்பார் என்று நினைத்தேன். அவர் அப்பாவை நிஜமான வருத்தத்தோடு பார்த்தார்.

"நான் உன்னக் கட்டியாடா வெச்சிருக்கேன்? எவன் உன்னப் புடிச்சிக்கினு இருக்கான்? போயேன்."

அவர் நடிக்கவில்லை. அதைத்தான் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அவர் அதை உண்மையாகவே நம்பினார். எங்களை அடித்தவர்கள் உண்டு, வைதவர்கள் உண்டு, அவர்களை எல்லாம் எனக்குப் புரிகிறது. தன் கெண்டைக்காலில் தழும்பை வைத்துக்கொண்டு, எங்களைக் கட்டியது எது என்று தெரியாமல் நின்ற அந்த மனிதரைத்தான் இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அப்பா வேட்டியை எடுத்து முண்டாசு கட்டினார். நிதானமாக, ஒரு சுற்று விடாமல் கட்டினார்.

மறுநாள் காலையில் பதினோரு மாடுகளை ஓட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பின்னால் இருந்த தரிசுக்குப் போனேன். புதுப்பாவாடை தொடையை அறுத்தது. ஜன்னல் திறந்திருந்தது. வாத்தியார் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பழக்கத்தில் என் பேரையும் கூப்பிட்டுவிட்டார். எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது, "உள்ளேன் ஐயா."

அதற்குள் உங்களில் ஒருவர் சொன்னீர்கள்: "அவ மாட்டுக்குப் போயிட்டா சார்."

கொல்லென்று சிரித்தீர்கள். யார் சொன்னது, யார் யார் சிரித்தது என்று இந்த வயதில் நான் கேட்கப்போவதில்லை. குரல் எனக்குத் தெரியும். வாத்தியார் பேனாவை மைக்கூட்டில் தொட்டார். நோட்டில் ஒரு கோடு இழுக்கிற சத்தம் ஜன்னலுக்கு வெளியே கேட்டது. பிறகு அடுத்த பேரைக் கூப்பிட்டார்.